பின்னிருக்கையில் ஒரு கேமரா

சுகோய்-30 எம்கேஐ விமானத்தில் இரண்டு பேர் பறப்போம். முன்னிருக்கையில் விமானி. பின்னிருக்கையில் இருப்பவரை விமானப்படையில் ‘விஸ்ஸோ’ என்று கூப்பிடுவார்கள். ரேடார், வழி, ஆயுதம், எரிபொருள் கணக்கு, சுற்றியுள்ள வானத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விழிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. நான் அந்தப் பின்னிருக்கைக்காரன். ஹைதராபாத் பேகம்பேட்டில் நேவிகேட்டராகப் பயிற்சி பெற்று, பிறகு புனே லோஹேகாவில் சுகோய்க்கு வந்து சேர்ந்தவன். 2002 செப்டம்பரில் எம்கேஐ முறைப்படி படையில் சேர்ந்த காலத்திலிருந்து அந்த விமானத்தை அறிவேன். பணியில் இருந்தவரை, வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் என்னோடு ஒரு கேமராவும் பறந்தது.

அனுமதி எழுத்தில் வாங்கித்தான். யூனிட்டின் வரலாற்றுப் பதிவுக்குப் படம் வேண்டும், வெளிநாட்டுப் பயிற்சி என்றால் தலைமையகமும் கேட்கும். தரையிறங்கியதும் மெமரி கார்டு பாதுகாப்பு அதிகாரியின் கைக்குப் போய்விடும். எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்பது அவர் முடிவு. ரேடார் திரையோ அலைவரிசை எண்ணோ ஓரத்தில் தெரிந்துவிட்டால் அந்தப் படத்தை மறந்துவிட வேண்டியதுதான், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அந்த விமானம் வானத்துக்குப் போனது படம் எடுக்க அல்ல.

இந்த வேலையை உலகத்தில் பலர் செய்திருக்கிறார்கள். ஜப்பானியரான கட்சுஹிகோ டொகுனாகா ராணுவ அதிகாரி அல்ல, தொழில்முறைப் புகைப்படக்காரர். பல நாட்டு விமானப்படைகளின் பின்னிருக்கைகளில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்து படமெடுத்தவர். அமெரிக்கக் கடற்படையில் எஃப்-14 விமானியாக இருந்த சி. ஜே. ஹீட்லி வேறு வகை. விமானத்தை ஓட்டிக்கொண்டே கேமராவையும் கையாண்டவர். 1983 மே மாதம் ‘கலிஃபோர்னியா’ என்ற பத்திரிகையில் மிராமார் தளத்தின் போர்ப் பயிற்சிப் பள்ளி பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்குப் படங்கள் அவருடையவை. அந்தக் கட்டுரையிலிருந்துதான் ‘டாப் கன்’ திரைப்படம் பிறந்தது. காக்பிட்டுக்குள்ளிருந்து எடுத்த படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. வெளியிலிருந்து எடுத்த படத்தில் விமானம் தெரியும். உள்ளேயிருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட்டின் விளிம்பு, காக்பிட்டை மூடும் கேனப்பியின் வளைவு, அதற்கு அப்பால் பக்கத்து விமானத்தில் நம்மைத் திரும்பிப் பார்க்கும் இன்னொரு மனிதர் எல்லாம் சேர்ந்து வரும்.

கேமராவைப் பற்றிப் பேசும் முன் காக்பிட்டுக்குள் என்ன போகலாம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் உலகில் ‘எஃப்ஓடி’ என்ற மூன்றெழுத்துக்கு மிகப் பெரிய பயம். இருக்க வேண்டாத இடத்தில் கிடக்கும் எந்தச் சிறு பொருளும் எஃப்ஓடிதான். ஓடுபாதையில் கிடக்கும் ஆணி எஞ்சினைத் தின்னும். காக்பிட்டுக்குள் விழுந்த லென்ஸ் மூடி, விமானம் தலைகீழாகும்போது மிதந்து போய் கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மூடி கிடையாது, லென்ஸ் ஹுட் கிடையாது, மாற்று லென்ஸ் கிடையாது, உதிரி பேட்டரி கிடையாது. வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றிவிடுவேன், அது எளிதில் கழன்று விழும் பொருள். பேட்டரிக் கதவின் மேலும் கார்டுக் கதவின் மேலும் கறுப்பு டேப் ஒட்டுவேன். ஜூம் வளையத்துக்கும் ஒரு சுற்று டேப் உண்டு, இல்லாவிட்டால் விமானம் திரும்பும்போது லென்ஸ் தானாகவே நீண்டுவிடும்.

ஏணியில் ஏறும் முன் தரைக் குழுவினர் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். எங்கள் குழுவில் திருநெல்வேலிப் பக்கத்துக் கார்ப்பரல் ஒருவர் இருந்தார். மற்றவர்களோடு இந்தியில் பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ். “சார், பாடி ஒண்ணு, லென்ஸ் ஒண்ணு, கயிறு ஒண்ணு. பாக்கெட்டைக் காட்டுங்க சார்.” நான் காட்டுவேன். கால்சட்டைப் பையில் பேனா இருந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார். இறங்கி வந்ததும் அதே கேள்விகள், அதே வரிசையில். ஒரு பொருள் குறைந்தால் இருக்கையைக் கழற்றித் தேடும்வரை அந்த விமானம் மறுபடி பறக்காது. ஸ்க்வாட்ரனில் யார் பதவி எவ்வளவு உயர்ந்தது என்பதெல்லாம் அந்த ஏணியடியில் செல்லுபடியாகாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேமராவைக் கழுத்தில் மாட்டக் கூடாது. இருக்கையை வெடித்து வெளியேற்றும் கைப்பிடி சுகோயில் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் கட்டுப்பாட்டுத் தண்டு. பின்னிருக்கையிலும் முழுக் கட்டுப்பாடுகள் உண்டு. முன்னால் விமானி தண்டை அசைத்தால் என் தண்டும் அசையும், என் தண்டில் ஏதாவது சிக்கினால் அவருடையதும் சிக்கும். படமெடுக்கக் கைகளுக்கு வசதியான இடமும் இந்தத் தண்டும் கைப்பிடியும் இருக்கும் இடமும் ஒன்றேதான். அதனால் வாரை நீக்கிவிட்டு, பலமாக இழுத்தால் அறுந்துவிடக்கூடிய மெல்லிய கயிற்றால் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். வெளியேற வேண்டிய நிலை வந்தால் கேமரா என்னோடு வரக் கூடாது, என்னைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

இது வீண் எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு 2014 பிப்ரவரி 9 அன்று நடந்ததைச் சொல்வேன். பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் என்ற பெரிய விமானம் வீரர்களை ஏற்றிக்கொண்டு பிரிட்டனிலிருந்து ஆப்கானிஸ்தானின் கேம்ப் பாஸ்டியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கருங்கடலின் மேல் அது திடீரென மூக்கைக் குத்தி இறங்கியது. 27 விநாடிகளில் 4,400 அடி. சீட் பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. கேப்டனின் கேமரா அவருடைய இருக்கையின் கைத்தாங்கிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, இருக்கையை முன்னால் நகர்த்தியபோது அது தண்டைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான். அகலமான பயணிகள் விமானத்தின் காக்பிட்டிலேயே இது நடந்தது என்றால், முழங்கையை விரித்தால் சுவரில் இடிக்கும் போர் விமானத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இனி கண்ணாடி. எங்களுக்கும் வானத்துக்கும் நடுவே இருப்பது சாதாரணக் கண்ணாடி அல்ல, வளைந்த கனத்த அக்ரிலிக். எல்லா இடத்திலும் அது ஒளியை ஒரே மாதிரி விடாது. நேர் பக்கவாட்டில், லென்ஸ் கேனப்பிக்குச் செங்குத்தாக இருக்கும்படி பிடித்தால் படம் கூராக வரும். சாய்த்துப் பிடித்தால் பக்கத்து விமானத்தின் வால் நெளிந்து தெரியும். பொலரைசர் ஃபில்டர் போட்டால் அக்ரிலிக்கில் உறைந்திருக்கும் அழுத்தங்கள் வானவில் பட்டைகளாக வந்து நிற்கும், ஆகவே அது வேண்டாம். லென்ஸைக் கேனப்பியில் சாய்த்து வைக்கவும் கூடாது. எஞ்சின் அதிர்வு அப்படியே கேமராவுக்குள் வரும், அக்ரிலிக்கிலும் கீறல் விழும். உடம்புதான் அதிர்வைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு இன்னொரு தொல்லை. முழங்காலில் கட்டியிருக்கும் வெள்ளைத் தாள், கைக்கடிகாரம், தோளில் இருக்கும் பட்டை எல்லாம் வானத்தின் நடுவில் பேய்போலத் தெரியும். கறுப்புக் கையுறை போட்டுக்கொள்வேன், தாள்களைத் திருப்பி வைப்பேன். கேனப்பியைத் துடைக்கும் ஏர்மேன் அன்று எவ்வளவு பொறுமையாகத் துடைத்தார் என்பது படத்தில் அப்படியே தெரிந்துவிடும். மென்மையான துணி, அதற்கென்று உள்ள திரவம், ஒரே திசையில் கை. அவசரமாக வட்டமாகத் துடைத்த கேனப்பியில் சூரியன் எதிரே வந்தால் நூற்றுக்கணக்கான மெல்லிய வளையங்கள் மின்னும்.

ஆக்ஸிஜன் மாஸ்க்கும் ஹெல்மெட்டும் போட்ட முகத்தில் வியூஃபைண்டரைக் கண்ணோடு ஒட்ட முடியாது. மாஸ்க் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பின்திரையைப் பார்க்கலாம் என்றால் வெயிலில் அது வெறும் கறுப்பு. ஆகவே கை பழக வேண்டும். கேமராவைத் தாடைக்கு அருகில் வைத்து, கண்ணால் விமானத்தைப் பார்த்து, கை அதே திசையில் நிற்கிறதா என்று உடம்பால் உணர்ந்து எடுக்க வேண்டும். ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகம், துவாரம் எஃப் 5.6 அல்லது 8. ஃபிலிம் காலத்தில் 36 படம் முடிந்ததும் கதை முடிந்தது. கையுறையோடு காக்பிட்டில் ரோல் மாற்றுவது நடக்கிற காரியம் அல்ல. டிஜிட்டல் வந்த பிறகு எண்ணிக்கைக் கவலை போயிற்று, ஆனால் கிடைக்கும் நேரம் கூடவில்லை.

திரும்பும்போது உண்டாகும் ஜி விசையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒன்றரைக் கிலோ கேமரா 6 ஜியில் 9 கிலோ. அதை நீட்டிய கையில் பிடித்தால் தோள் பிசகும், இல்லையென்றால் கேமரா கீழே இறங்கித் தண்டில் இடிக்கும். அதனால் விமானி “டர்னிங்” என்று சொல்லும் முன்பே கேமரா மடியில் ஒதுங்கி இரண்டு கைகளுக்குள் இருக்க வேண்டும். சொல்லிவிட்டுத் திருப்புகிற விமானியோடு மட்டும்தான் படம் எடுக்க முடியும்.

இவ்வளவையும் மீறி நல்ல படம் எங்கே கிடைக்கும்? சண்டைப் பயிற்சியின் நடுவில் கிடைக்காது. அப்போது விஸ்ஸோவின் கண் திரையிலும் வெளியிலும் மாறி மாறி ஓட வேண்டும், கேமராவைத் தொடுவதே தவறு. “நாக் இட் ஆஃப்” என்று பயிற்சியை நிறுத்தும் அழைப்பு வந்து, எல்லோரும் பதில் சொல்லி, விமானங்கள் ஒன்றுசேர்ந்து, எரிபொருள் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் அறிவித்த பிறகுதான் கேமராவை எடுப்பேன். திரும்பும் வழியில் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கலாம். இன்னொரு இடம் வானிலேயே எரிபொருள் தரும் டேங்கர்.

2018இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் நடந்த ‘பிட்ச் பிளாக்’ பயிற்சிக்கு இந்தியப் போர் விமானங்கள் முதன்முறையாகப் போயின. நான்கு சுகோய், அவற்றோடு சரக்கு விமானங்களாக ஒரு சி-130, ஒரு சி-17. அங்கேதான் நம் சுகோய்கள் ஆஸ்திரேலியாவின் கேசி-30ஏ டேங்கரிடமிருந்து முதல்முறை வானில் எரிபொருள் வாங்கின. ஏர்பஸ் பயணிகள் விமானத்திலிருந்து செய்த அந்த டேங்கரின் இரண்டு இறக்கைகளுக்கும் கீழே ஒவ்வொரு குழாய், அதன் நுனியில் ஒரு கூடை. சுகோயின் மூக்குக்கு இடப்புறம் மடங்கியிருக்கும் எரிபொருள் தண்டு வெளியே நீண்டு அந்தக் கூடைக்குள் போய் உட்கார வேண்டும்.

வரும் விமானங்கள் டேங்கரின் இடதுபக்க இறக்கைக்கு வெளியே வரிசையாக நின்று முறைக்குக் காத்திருக்கும். எரிபொருள் வாங்கியவர் வலப்புறம் போய்ச் சேர்வார். இந்த ஒழுங்கு உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான், புகைப்படக்காரனுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. நான் இடப்புறம் காத்திருக்கும்போது என் தோழர் எதிரே கூடைக்குப் பின்னால் நிற்பார், அசைவு கொஞ்சம், தூரம் முன்பே தீர்மானித்தது. டேங்கர் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஒரு பக்கம் போகும்போது சூரியன் என் முதுகில், திரும்பி வரும்போது என் முகத்தில். போகும் பக்கத்தில் சாம்பல் நிறச் சுகோயின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். அடுத்ததில் அதே விமானம் கரிய உருவமாகிவிடும், ஆனால் கூடை சேரும் கணத்தில் தெறிக்கும் எரிபொருளின் மெல்லிய புகை ஒளியில் பளிச்சென்று நிற்கும். ஆகஸ்டில் டார்வின் பக்கம் வறண்ட காலம். காட்டுத்தீப் புகையால் அடிவானம் பழுப்பாக இருக்கும், மேலே போனால் நீலம் தெளியும், கடலோரம் பச்சையாக வளைந்து கிடக்கும். அந்தப் புகைப்படலம் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி விமானத்தின் வயிற்றுப்பகுதியின் நிழலைக் குறைத்துவிடும். நம் ஊரில் மழைமேகத்தின் மேல் பறக்கும்போது கிடைக்கும் வெளிச்சத்துக்கு அது ஈடாகாது, ஆனாலும் நல்ல வெளிச்சம்.

அந்த டேங்கரருகே எடுத்ததில் ஒரு படம் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் இரண்டாம் விமானம் கூடையோடு சேர்ந்து நிற்கிறது. குழாயில் சின்னத் தொய்வு. முன்னிருக்கை விமானியின் தலை கூடையைப் பார்க்கவில்லை, டேங்கரின் இறக்கையைப் பார்க்கிறது. கூடையைப் பார்த்துக்கொண்டே துரத்தினால் எரிபொருள் தண்டு ஆடும் என்பது எங்கள் ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அந்தத் தலையின் திசையிலேயே அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது தெரியும். பார்ப்பவர்கள் விமானத்தைப் பார்க்கிறார்கள், நான் அந்தத் தலையைப் பார்க்கிறேன்.

இப்போது இந்த வேலையின் உண்மையான ஆபத்து. அகலக் கோண லென்ஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டும். பக்கத்து விமானம் பதினைந்து மீட்டரில் இருந்தாலும் 24 மிமீ லென்ஸில் சின்னதாக, எங்கோ இருப்பதாகத் தெரியும். “இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க” என்று வாய் வரை வரும். அந்தச் சொல்லை விழுங்கத் தெரியாதவர் காக்பிட்டில் கேமராவைத் தொடக் கூடாது. தூரம் தரையிலேயே, பிரீஃபிங்கில் பேசி முடித்த விஷயம். வானத்தில் அது மாறாது. வேண்டுமானால் 70 மிமீ போடலாம், தரைக்கு வந்து ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். பின்னிருக்கைக்காரன் மற்ற விமானத்தோடு நேரே ரேடியோவில் பேசவும் கூடாது. என் விமானியிடம் சொல்வேன், அவர் சரியென்று நினைத்தால் அணியின் லீடரிடம் கேட்பார். லீடர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை.

படத்துக்காக நெருங்கியதன் விலைக்கு உதாரணங்கள் உண்டு. 1966 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியாவில் எக்ஸ்பி-70 என்ற மாபெரும் சோதனை விமானத்தைச் சுற்றி நான்கு சிறிய ஜெட்கள் நெருங்கி அணிவகுத்தன. எல்லாவற்றிலும் ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின், அந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்காகத்தான் படம். அணியில் இருந்த எஃப்-104 பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் மோதியது. எஃப்-104ஐ ஓட்டிய ஜோ வாக்கரும், எக்ஸ்பி-70இன் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். இரண்டு விமானங்களும் போயின. வாக்கர் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் விண்வெளி விளிம்பைத் தொட்டவர், திறமைக்குக் குறைவே இல்லாதவர். 2021இல் தென்கொரியாவின் டேகுவில் இரண்டு எஃப்-15கே விமானங்கள் உரசிக்கொண்டதும் படத்தால்தான். அந்த யூனிட்டில் தன் கடைசிப் பறப்பை நினைவாக வைத்துக்கொள்ள ஒரு விமானி செல்போனில் படமெடுக்க ஆரம்பிக்க, மற்ற விமானத்தின் கேமராவில் நன்றாகத் தெரியட்டும் என்று அவருடைய விமானம் எழும்பிப் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. பழுதுபார்க்க 88 கோடி வோன் ஆனது. அந்த நாட்டில் நடந்தது எந்த நாட்டிலும் நடக்கலாம். படத்துக்காக விமானம் நகர ஆரம்பித்த நொடியிலேயே விபத்தும் ஆரம்பித்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. விமானம் நகர்கிற வழியில் படம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் இல்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சுகோயின் சத்தம் இப்போது பழகியிருக்கும். 2020 ஜனவரியிலிருந்து 222ஆம் ஸ்க்வாட்ரன் அங்கே இருக்கிறது. சூலூரில் தேஜஸ். 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் ‘தரங் சக்தி’ பயிற்சிக்குச் சூலூருக்கு வந்தன. அதற்குப் பிறகு எனக்கு வரும் கேள்விகள் கூடியிருக்கின்றன, பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்களுக்குப் பறக்கும் வேலை வேண்டுமா, படம் வேண்டுமா என்றுதான். படம் மட்டும் வேண்டும் என்றால் தளத்தின் வேலிக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் இடத்தில் நின்று நல்ல டெலிஃபோட்டோவால் எடுக்கலாம், அதில் உலகத்தரமான கலைஞர்கள் இருக்கிறார்கள். காக்பிட் படம் வேண்டுமென்றால் முதலில் அந்த இருக்கைக்குரிய வேலையைப் பல வருஷம் கற்க வேண்டும். குறுக்குவழி கிடையாது.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானத்திலிருந்து எடுத்த விமானப் படத்தை அச்சிடும்போது எடுத்தவர் பெயரை மட்டும் போடுகிறீர்கள், சில சமயம் அதுவும் இல்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் அசையாமல் நின்று கொடுத்த எதிர் விமானத்தின் விமானி, என்னைச் சரியான இடத்தில் தூக்கிப் பிடித்த என் விமானி, இந்த இரண்டு பேரும் இல்லாமல் அந்தப் படம் இல்லை. விமானப்படை பெயர்களை வெளியிட அனுமதிக்கும்போதெல்லாம் மூன்று பெயரையும் போடுங்கள். என் படங்களுக்கு நான் எழுதும் குறிப்பில் அவர்கள் பெயர்தான் முதலில் வரும்.